மகள் தேடிக்கொண்ட பாட்டு டீச்சர்

என் மகளுக்கு நான்தான் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். பாயில் உட்காரச் சொன்னாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

போன மார்கழியில் தி. நகரில் ஒரு சபாவில் என் தங்கைக்குக் கச்சேரி. மகளையும் கூட்டிப்போனேன். தங்கை பாடப் பாட, எப்போதும் போனும் கையுமாக இருக்கிறவள் அதைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். கண்ணை மேடையிலிருந்து எடுக்கவில்லை. என்னை ஒருநாளும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அதற்குமேல் ஒரு பாட்டும் என் காதில் ஏறவில்லை.

கச்சேரி முடிந்து கேண்டீனில் வாழைப்பூ வடை சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"சித்தி, நான் உங்ககிட்ட கத்துக்கட்டுமா?"

தங்கை பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "அம்மாவே சொல்லித்தராளே, அப்புறம் என்னடி? எனக்கே ஸரளி வரிசை அவதான் சொல்லிக்கொடுத்தா."

அவள் கர்வமாகப் பேசியிருந்தால் கோபப்பட்டாவது தீர்த்திருப்பேன்.

"கத்துக்கட்டும், நல்லதுதானே" என்றேன். மீதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் மகளை ராஜா அண்ணாமலைபுரத்தில் தங்கை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"மேல வாயேன்க்கா" என்று தங்கை பால்கனியிலிருந்து கூப்பிடுவாள். வேலை இருக்கிறது என்பேன்.

போன வாரம் மாடியிலிருந்து ஒரு வர்ணம் கேட்டது. நான் வருஷக்கணக்காக மகளோடு மல்லுக்கட்டிய வர்ணம். ஓர் இடம்கூடப் பிசகாமல் பாடினாள். எந்தத் தாய்க்கும் பெருமையாக இருந்திருக்கும். நான் முழுதும் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டேன்.