சத்தம் போடாத கப்பல்

நான் நர்ஸாக வேலை பார்க்கும் வெளிநாட்டு நகரத்தின் துறைமுகத்தில், அந்த நாட்டு அரச குடும்பம் பயணம் போன பழைய கப்பலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம். நெய்வேலியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அங்கே அழைத்துப் போனேன். சேலைக்கு மேல் என் கோட்டு, காலில் என் ஷூ. "நம்ம பிளாக்கு ஜனங்க பாத்தா சிரிப்பாங்கடி" என்று வழியெல்லாம் சிணுங்கினாள்.

காதில் வைத்துக் கேட்க ஒரு கருவி கொடுத்தார்கள். எத்தனையோ மொழி பேசும் அதற்குத் தமிழ் மட்டும் தெரியவில்லை. நான் கேட்டுக் கேட்டுச் சொல்ல, அம்மா 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ராணியின் படுக்கையறை. "இம்மாத்தூண்டு கட்டிலா? நம்ம குவார்ட்டர்ஸ் கட்டிலே இதவிடப் பெருசு" என்றாள். பளபளத்த இன்ஜின் அறையைப் பார்த்து, "இங்க எவன் வேல செஞ்சான்? உங்கப்பா சட்டையில எவ்ளோ கிரீஸ் இருக்கும்" என்றாள். அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்தவர்.

அடுத்த நடைபாதையில் கருவி சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். அரச குடும்பம் தூங்கும்போது மாலுமிகள் ரப்பர் செருப்புப் போட்டுத்தான் நடப்பார்களாம். வாயால் உத்தரவு கிடையாது, கைச்சாடைதானாம்.

எங்கள் தெருவே அப்படித்தான் இருந்தது. வாசலில் சுரங்கத்து பூட்ஸ் கிடந்தால் அந்த வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். மீன்காரம்மாகூட அந்த வாசலைத் தாண்டித்தான் குரல் கொடுப்பாள். குக்கர் விசிலடிக்கக் கூடாதென்று பருப்பைப் பானையில் வேகவைப்போம். அம்மா துணியைக் கல்லில் அடிக்காமல் கையாலேயே கசக்குவாள். தூங்குகிறவரை எழுப்புவதைப் போன்ற பாவம் எங்களுக்கு வேறு இல்லை. தூக்கம் கெட்டு மெஷினில் கை வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக நான் முன்னறையில் படித்துக்கொண்டிருந்த காலை அது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தாள். சாத்திய கதவுக்குள்ளே சொம்பு விழுந்து உருண்டது. பிறகு ஒரு முனகல். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார், மறுபடி தூங்கட்டும் என்று புத்தகத்தைப் புரட்டும் சத்தத்தைக்கூட நிறுத்திக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட எழுப்பப் போனபோது அப்பா சில்லிட்டிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். நல்ல சாவு என்றார்கள்.

இன்று நான் நர்ஸ். அப்போதே கதவைத் திறந்திருந்தால் என்னென்ன செய்திருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லத் தெரியும். அந்தச் சத்தத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னதே இல்லை. சொன்னால் என்னைப் பெற்ற வயிறு என்னை மன்னிக்காது என்று பயம்.

"என்னாடி சொல்லுது அது? வாயத் தொற" என்றாள் அம்மா.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. ரப்பர் செருப்பையும் கைச்சாடையையும் சொன்னேன். அம்மா இந்தமுறை 'உம்' கொட்டவில்லை. அடக்க முடியாமல் சொம்பையும் சொல்லிவிட்டேன். "கேட்டுச்சும்மா. கேட்டும் உக்காந்துகினு இருந்தேன்." அழுகை முட்டியது. எங்களைக் கடந்து போனவர்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அம்மா நடைபாதையின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "ஈரக் கையோட ஓடியாந்து ஜன்னல் வழியா உன்னத்தான் பாத்தேன். நீ எழுந்து போயி கதவத் தொறந்துடுவியோன்னு பயந்துகினே நின்னேன். நீ போவல. நல்ல புள்ளன்னு நெனச்சிகினு மறுபடி துவைக்கப் போயிட்டேன்."