நாளும் மாதமும் இடம் மாறியபோது

டாக்டரின் மேசைமேல் இருந்த கணினித் திரையில் ஒரு நீலக் கோடு மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த வாரம் அது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் பார்க்கட்டும் என்று டாக்டர் திரையைத் திருப்பி வைத்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இறங்கிட்டே வருதுக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல. இனிமே ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்தா போதும்." உப்பளத்தில் வேலை செய்யும் அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அறையின் மூலையில் வேலையாக இருந்த எனக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

மரக்காணத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன மருத்துவமனை அது. உப்பளத் தொழிலாளர்களுக்கு இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து பார்த்துவந்தார்கள். எனக்கு வீடு பிரம்மதேசம், வேலை புதுச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். சனிக்கிழமைகளில் போய் அவர்களுடைய கணினி வேலைகளைப் பார்த்துக் கொடுப்பேன். டாக்டர் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தார். முப்பது வயது தாண்டாத பெண். அவருக்கு முன்னால் இருந்தவர் போனபின் பல மாதங்கள் டாக்டரே இல்லாமல் நர்சுகள்தான் முகாம்களை நடத்தியிருந்தார்கள். ஆகவே பழைய நோயாளிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் திரை சொன்னதுதான்.

அது பொய் சொல்லியிருக்கிறது என்பது சித்திரையில் தெரிந்தது. ஆண்டறிக்கைக்காக எந்த மாதத்தில் எங்கே முகாம் நடந்தது என்று தொகுத்துக்கொண்டிருந்தேன். நவம்பர் மாதத்தில் உப்பளத்திலேயே முகாம் நடந்ததாக வந்தது. ஐப்பசி மழையில் பாத்திகள் எல்லாம் வெள்ளத்துக்கு அடியில் கிடக்கும். அங்கே ஆள் நிற்கவே இடம் இருக்காது, மேசை போட்டு ஊசி குத்தியது எப்படி? நர்சைக் கேட்டேன். மழைக்காலத்தில் உப்பளத்துப் பக்கமே போனதில்லை என்றார். பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த எக்ஸெல் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 11/02 என்றிருந்தது. பிப்ரவரி பதினொன்று. கோப்பைப் படித்துத் திரைக்குக் கொடுக்கும் நம் நிரல் அதை நவம்பர் இரண்டு என்று படித்திருந்தது.

நாம் நாளை முதலில் எழுதிப் பிறகு மாதத்தை எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். எனக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த அந்த நிரல், அமெரிக்க வழக்கத்துக்கு அமைக்கப்பட்ட ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பில் தேதிகள் வெறும் எண்களும் சாய்கோடுமாகத் தட்டப்பட்டிருந்ததால், எது நாள், எது மாதம் என்று அது தானாகவே முடிவுசெய்துகொண்டது. நாள் பன்னிரண்டைத் தாண்டினால் அப்படி ஒரு மாதம் கிடையாது என்பதால் சரியாகப் படித்துவிடும். பன்னிரண்டுக்குள் இருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடும். பாதித் தேதிகள் சரியாக இருந்ததால்தான் மீதிப் பாதியை யாரும் சந்தேகப்படவில்லை.

பலருக்கு இதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. அந்த அக்காவுக்கு மட்டும் எல்லாம் தலைகீழாகியிருந்தது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் எடுத்த முதல் பரிசோதனை நவம்பருக்குப் போய்க் கடைசியில் நின்றது. ஆகஸ்ட் இரண்டில் எடுத்த கடைசிப் பரிசோதனை பிப்ரவரி எட்டாகி முதலில் நின்றது. நடுவில் எடுத்தது மட்டும் இடம் மாறவில்லை. திருத்தி ஓடவிட்டேன். அதே மூன்று புள்ளிகள், கோடு மட்டும் கீழிருந்து மேலாக ஏறியது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, இதே மாதிரி இன்னும் யார் யாருக்கு ஆகியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அறக்கட்டளையின் செயலாளர் கெட்டவர் இல்லை. அந்த மருத்துவமனையை நடத்த அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மறுபரிசோதனை என்று சொல்லி எல்லாரையும் வரவழைத்துவிடலாம், தேதி விவகாரத்தைச் சொல்லவேண்டியதில்லை, சொன்னால் ஊரில் ஒருவரும் நம்மிடம் வரமாட்டார்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் தலையசைத்து மறுத்துவிட்டார். தவறு நிரலில் இருந்தது, உங்கள்மீது என்ன தவறு என்று நான் சொன்னதற்கு, "அவங்களுக்குப் புரோகிராமைத் தெரியாதுங்க. என்னைத்தான் தெரியும். இறங்குதுன்னு கையைப் பிடிச்சு நான்தான சொன்னேன்" என்றார்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அவருடன் போனேன். விடியுமுன் தொடங்கிய வேலையை நிறுத்தி உப்பளத்தில் எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரம். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெயில். வழுக்கும் வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் நடந்தார். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார், அவர் கணவரும் கூடவே எழுந்து வந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. தேதிகளை மாற்றிப் படித்துவிட்டோம், உங்களுக்கு உப்புச்சத்து இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருக்கிறது, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதை எங்கள் பக்கம் உப்பு ஏறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தில் நின்று அந்தச் சொல்லைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா கையிலிருந்த சோற்றுப் பருக்கைகளை உதிர்த்தார். "அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு வீட்டுக்குப் போயி பாயசம் வச்சேம்மா" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு, "சரி, இப்ப என்ன பண்ணணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

கணவருக்குத்தான் தாங்கவில்லை. "நீங்க வந்து சொல்லிட்டீங்க, உங்களுக்கு பாரம் இறங்கிடுச்சு. நாங்க எங்க போயி இறக்கறது?" என்று கேட்டார். அவர் பேசி முடிக்கும்வரை டாக்டர் அங்கேயே நின்றார். பிறகு அடுத்த ஆளைத் தேடி அடுத்த வரப்புக்குப் போனார்.

செயலாளர் பயந்ததில் பாதி நடந்தது. சிலர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் பழைய பரிசோதனைச் சீட்டுகளையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்து, "இதையும் பாருங்க" என்று மேசைமேல் வைத்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றையும் திரையோடு ஒப்பிட்டுப் படித்துக் காட்டினார். மாதத்தை எழுத்தில் எழுதாத தேதி வந்தால் கோப்பையே வாங்காமல் திருப்பி அனுப்பும்படி நான் நிரலை மாற்றினேன். பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் புதுச்சேரியில் டயாலிசிஸ் தொடங்கியது. ஆரம்பத்தில் டாக்டரே கூடப் போனார். நான் வேலைக்குப் போகும் அதே பேருந்துதான். ஒருநாள் அவர்களுக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். பொங்கலின்போதே தெரிந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று அக்கா கேட்டார். ஆகியிருக்காது என்றோ, எப்படியும் ஆகியிருக்கும் என்றோ சொல்லிவிட்டால் இருவருக்குமே எளிதாக இருந்திருக்கும். "கொஞ்ச காலம் தள்ளிப் போயிருக்கும்கா. எவ்ளோன்னு எனக்குத் தெரியல" என்றார் டாக்டர். அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். புதுச்சேரி நெருங்கும்போது மடியிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, டாக்டர் பக்கம் முதலில் நீட்டினார்.

அடுத்த ஆண்டு டாக்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். எப்போதாவது பேசிக்கொள்வோம். நான் இன்றும் கோப்புகளைப் படிக்கும் நிரல்களைத்தான் எழுதுகிறேன். உடன் வேலை செய்யும் இளைஞர்கள் தேதியை அப்படியே விட்டுவிடலாம், கணினியே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். நான் விளக்கமெல்லாம் சொல்வதில்லை, எந்த வரிசை என்று எழுதிவிடச் சொல்வேன்.

அக்கா போய்விட்ட செய்தியை டாக்டருக்கு நான்தான் சொன்னேன். மழைக்காலம் நெருங்கி, உப்பளங்களில் அந்த ஆண்டின் கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்த சமயம். அவர் இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தார். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உள்ளே வரவில்லை. தெருமுனையில், வெயிலில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் போய்க் கூப்பிட்டும் அசையவில்லை. கணவர் அவரைப் பார்த்துவிட்டார். எழுந்துபோய் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்தார்.

"வெயில்ல நிக்காதீங்கம்மா. உள்ள வாங்க" என்றார்.

நாற்காலியை மறுபடி தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அக்காவின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். டாக்டர் மாலையைப் போட்டார். நாற்காலியில் உட்காராமல் தரையில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார். எடுக்கும்வரை அங்கேயே இருந்தார்.