பின்னால் கட்டிய கைகள்

சுன்னாகத்து வாசிகசாலையொன்றில் எங்களுக்கு இலத்திரனியல் பழக்கிய அந்தப் பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. மேசைகளைச் சுற்றி வரும்போது கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டே வருவார். நாங்கள் பாகங்களைச் செருகிப் பழகும் துளைப் பலகை எதையும் தொட்டதில்லை.

மண் ஈரமானதும் தானாக நிற்கும் பம்ப் ஒன்றை என் வெங்காயத் தோட்டத்துக்குச் செய்யும் ஆசையில் போனவன் நான். முதல் நாளே ஒரு சின்ன எல்இடி விளக்கு என்னை மடக்கிவிட்டது. அதன் இரு கால்களையும் துளைப் பலகையில் செருகி, பற்றரியை இணைத்தேன். எரியவில்லை. மற்ற மேசைகளில் எல்லாம் வெளிச்சம். எழும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

“பிள்ளை, உந்த விளக்கை நீங்களே ஒருக்காச் சரியாக்கி விடுங்கோவன்.”

அவர் குனிந்து பார்த்தார். கை மட்டும் வரவில்லை.

“ஐயா, வெங்காயத்தைத் தலைகீழா நட்டுப்போட்டா என்ன செய்வியள்?”

“பிடுங்கித் திருப்பி நடுவன்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளக்கைப் பிடுங்கி, கால்களை மாற்றிச் செருகினேன். சிவப்பாக எரிந்தது.

கைதட்டுவதற்காக அப்போதுதான் அவருடைய கைகள் முன்னே வந்தன. ஓர் உள்ளங்கையில் மற்றக் கையின் நகத் தடங்கள் ஆழப் பதிந்திருந்தன.

இன்று என் பம்ப் தானாக நிற்கிறது. அந்தக் கைகள் தொடாமல் எப்படி நின்றன என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.