வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து

குடிநீர் வாரியத்தில் எல்லோரும் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைத்தால் போதும். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் மனைவி மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புவார் என்பது வேறு விஷயம்.

அவர் சொல்லச் சொல்ல எழுதுவது கூட்டாளியின் வேலை. பதினெட்டு வருஷச் சிநேகம். காதின் கை எப்போதும் சேறும் சகதியுமாக இருப்பதால், மாதம் பிறந்ததும் வெற்றுப் பதிவுத்தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

"நாலு தாள் சேர்த்தே போடுடா, கெட்டுப்போனா ஆகும்" என்பான் கூட்டாளி. போடுவார். இதற்குப் பெயர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

ஒருநாள் காதின் சொந்த அக்கா வீட்டு வாசலிலேயே கம்பியில் சத்தம் கேட்டது. நல்ல கசிவு. கூட்டாளி எழுதிக்கொண்டான்.

"தெருக்குழாய்தான்க்கா. ஒரு வாரத்துல தோண்டிடுவாங்க" என்று சொல்லி, அவள் கொடுத்த தேநீரை இருவரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

யாரும் தோண்டவில்லை. மூன்றாம் வாரம் அக்கா வீட்டு முன்கட்டில் இருந்த தையல்கூடத்தில் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்தது. ஐந்து மெஷின்களின் மோட்டார்களும் போயின. சீருடைக்கு வந்திருந்த துணி மொத்தமும் சாயம் இறங்கிப் பாழானது. புருஷன் போனபின் ஒண்டி ஆளாக அவள் உருவாக்கிய கூடம் அது.

காப்பீட்டு அதிகாரி வந்து பார்த்தார். தெருக்குழாய் கசிந்ததாக வாரியப் பதிவில் இருந்தால் இழப்பீடு உண்டு, வீட்டுக்குள் ஓடும் பழைய குழாய் என்றால் கிடையாது என்றார்.

"என் தம்பிதான் கண்டுபிடிச்சான். எல்லாம் எழுத்துல இருக்கு" என்றாள் அக்கா, பெருமையாக.

பத்து நாளில் பதிவின் நகல் வந்தது. அதே தேதி, அதே தெரு. 'சத்தம் இல்லை.' கீழே காதின் கையெழுத்து.

கூட்டாளியைப் போய்ப் பிடித்தார். அவன் முகம் பார்க்காமல் பேசினான். "தோண்டாம விட்டது இன்ஜினியர். மாட்டிக்குவோம்னு தாளை மாத்தச் சொன்னாரு. நானும் புள்ளகுட்டிக்காரன்டா."

"என் அக்காடா அது! அவ கையால எத்தனை வேளை சாப்பிட்டிருக்க!"

"உன்கிட்ட கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

பாவி, கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடி நடந்ததைச் சொன்னார். "வெறும் தாள்லயா கையெழுத்துப் போடுவீங்க?" என்றார் அதிகாரி. "ஆமா சார்." "அப்போ உங்க பேச்சை எப்படிங்க நம்புறது?" அதோடு கோப்பை மூடிவிட்டார்.

அக்கா நகலைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றிருந்தாள்.

"அன்னைக்குக் கேட்டுச்சா இல்லையா, தம்பி?"

"கேட்டுச்சுக்கா. சத்தியமா."

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான். ஆனா..."

"வேலை போயிடும்னு பயந்து மாத்திட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்டா."

கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.