கடைசி வரிசையின் ஆபத்து

தையல்கார அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் முப்பது வருடம் தையல் மெஷினில் குனிந்தே கழிந்துவிட்டது. உடற்பயிற்சி செய்து முதுகைத் தேற்றாவிட்டால் மெஷினை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தனியா ஒரு கோச் வச்சுக்கோம்மா. உன்னை மட்டுமே பார்த்துச் சொல்லித் தருவாங்க," என்றாள் மகள்.

"அதான்டி பயமே! நான் தடுமாறுறதை ஒருத்தர் நின்னு வேடிக்கை பார்க்கணுமா? நான் கும்பலோட கும்பலா நின்னுக்கிறேன்."

குழு வகுப்பில் சேர்ந்து கடைசி வரிசையில் பதுங்கினார் அக்கா. முன்னால் நின்றவர்களைப் பார்த்தே பாதி வகுப்பை ஓட்டிவிட்டார். திடீரென்று கோச், "எல்லாரும் அப்படியே பின்பக்கம் திரும்புங்க!" என்றார்.

இப்போது அக்காதான் முதல் வரிசை. எதிரே வெறும் சுவர்.

"வலது கையைத் தூக்குங்க!"

பதற்றத்தில் அக்கா இடது கையைத் தூக்க, பின்னால் இருந்த அத்தனை பேரும் இடது கையையே தூக்கினார்கள். கோச் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அடப்பாவிகளா, நீங்களும் காப்பிதானா?"

"தனி கோச்சுக்குச் சொல்லிடவா?" என்று வீட்டில் மகள் கேட்டாள்.

"வேண்டாம்டி. அங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

மறுநாள் சீக்கிரமே போய் நடு வரிசையில் இடம் பிடித்தார்.