பல்லவிக்கு முன் நிற்கும் மெட்டு

தையல்காரிக்குப் பழைய சினிமாப் பாட்டென்றால் உயிர். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவருக்கோ பாட்டு வாடையே ஆகாது. அப்படிப்பட்டவர் ஒரு மாதமாக ஒரே பழைய மெட்டை முணுமுணுத்தார். பல்லவி தொடங்குமுன் சட்டென்று நிறுத்திவிடுவார்.

“யாருங்க சொல்லிக்கொடுத்தா?”

“எதை? உனக்கு வேற வேலையே இல்லையாடி?”

அவர் குளிக்கப் போனதும் அவருடைய கைபேசியைப் பார்த்தாள். தினமும் ஒரே எண்ணுக்கு அழைப்பு. எவளாவது எடுத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் துணிந்து, அழைத்தாள். அதே மெட்டு ஒலித்து, அதே இடத்தில் நின்றது.

“வேலையிழந்தோர் பதிவுப் பிரிவு. காத்திருக்கவும்.”

அப்படியானால் இத்தனை நாளும் சாப்பாட்டு டப்பாவோடு எங்கே போனார்?

குளியலறையில் அவர் மெட்டை வழக்கமான இடத்தில் நிறுத்தினார். கதவருகே நின்று பல்லவியை அவள் பாடினாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.