ரெண்டாயிரத்துக்குப் புறப்பட்ட ரேஷன் கார்டு

எங்கள் வீட்டிலிருந்து இரண்டாயிரமாம் ஆண்டுக்கு முதலில் புறப்பட்டது ரேஷன் கார்டுதான். அனுப்பி வைத்தவள் நான். அப்போது ராஜபாளையத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகள் முடிய இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருந்தன. செய்தது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது யோசித்தாலும், கையிலிருந்த தகவலை வைத்து நான் எடுத்தது சரியான முடிவு என்றே சொல்வேன். தகவலில்தான் கோளாறு.

தகவல் தந்தவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. சொந்த ஊர் கூமாப்பட்டி. இங்கே கல்லூரியில் பௌதிகம் படிப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர், படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆன பிறகும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். எங்கள் ரேஷன் கார்டில் அவர் பெயரும் ஏறியிருந்தது. காலையில் நூலகம், மதியம் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். சாயங்காலமானால் தெருப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு இரண்டாயிரமாம் ஆண்டைப் பற்றிப் பேசுவார். அப்பாவுக்கு மில்லில் மேஸ்திரி வேலை. ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சாக வருகிறவர் இந்தப் பேச்சைக் கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். செருப்பை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழற்றிப் போடுவார்.

மாமா சொன்ன இரண்டாயிரத்தில் சமையல் கிடையாது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, அவ்வளவுதான். பஸ் தரையில் படாது. ராஜபாளையத்தில் ஏறினால் பத்தாவது நிமிடம் மதுரையில் இறங்கிவிடலாம். மில்லில் ஆட்கள் இருக்கமாட்டார்கள், ஒரே ஒருவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பார். அந்த ஒருவர் யார் என்று மாமா சொன்னதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்த நாட்களில் இரண்டாயிரம் என்று சொன்னாலே ஒரு மரியாதை இருந்தது. எங்கள் தெருமுனை முடிவெட்டும் கடைக்காரர் போர்டை அழித்துவிட்டு 'சலூன் 2000' என்று எழுதிக்கொண்டார். கத்தரிக்கோலும் கண்ணாடியும் பழையவைதான், ஆனாலும் கூட்டம் கூடியது. அந்த வருடம் வந்துவிட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று பெரியவர்களே நம்பினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும்.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். ஆண்டு விழாவுக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு தகரப் பெட்டியில் பொருட்களை வைத்துப் பள்ளி முற்றத்தில் புதைப்பது, இரண்டாயிரமாம் ஆண்டில் அன்றைய பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்து ஆச்சரியப்படுவது என்று திட்டம் போட்டார். அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு தெளிவு வரட்டும் என்று காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேச மாமாவை அழைத்தார். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டவுடன் வரக்கூடியவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு மாமா பிரமாதமாகப் பேசினார். மாத்திரைக்குக் கைதட்டல், பறக்கும் பஸ்ஸுக்கு விசில். கடைசியில் ஒரு பையன் எழுந்து, "அப்ப மண்ணெண்ணெய்க்கு க்யூவில நிக்க வேண்டாமாண்ணே?" என்று கேட்டான். பாவம், அவன் வீட்டில் அந்த வேலை அவனுடையது.

"ரேஷன் கடையே இருக்காதுலே. கார்டுன்னா என்னன்னு ஒம் பிள்ள ஒங்கிட்ட கேப்பான்" என்றார் மாமா.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், என் மாமா அல்லவா.

பிறகு பெரிய டீச்சர் விவரம் சொன்னார். இரண்டாயிரத்தில் இருக்கவே இருக்காத பொருளாக ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது ரகசியம், டீச்சருக்குக்கூடத் தெரியக்கூடாது. செய்தித்தாளில் பொதிந்து, நூலால் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ரகசியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன். அரிக்கேன் விளக்கை எடுத்தால் கரண்ட் போகிற அன்றைக்கே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாது. சாமி படத்துக்குப் பின்னால் பாலிதீன் உறையில் ரேஷன் கார்டு இருந்தது. இருக்காது என்று மாமாவே மேடையில் சொன்ன பொருள். இதைவிடப் பொருத்தமானது ஊரில் வேறு எது இருந்துவிடப் போகிறது என்று எடுத்துப் பொதிந்து, நன்றாக முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை பெட்டியை மூடினார்கள். தண்ணீர் இறங்காமல் இருக்க அதைச் சுற்றிலும் பேண்டேஜ் துணியைச் சுற்றி மேலே மெழுகை உருக்கி ஊற்றியிருந்தார்கள். எங்கள் ஊரே பேண்டேஜ் துணி நெய்கிற ஊர், அதற்குப் பஞ்சமே கிடையாது. சிமெண்ட் மூட்டை கொடுத்த ஹார்ட்வேர் கடை முதலாளி மாலையும் கழுத்துமாக நின்று முதல் கரண்டிக் கலவையைப் போட்டார். 'கி.பி. 2000-இல் திறக்கப்படும்' என்று குழியை மூடிய கல் பலகையில் எழுதியிருந்தது. அதற்கு மேலே முதலாளியின் பெயர் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வரும்போது வீடு தலைகீழாகக் கிடந்தது. பானைகள் எல்லாம் முற்றத்தில் இருந்தன. மாமாவுக்குத் திங்கட்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்டர்வியூ. சர்டிபிகேட்டுகளோடு ரேஷன் கார்டு அசலையும் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம். மூன்று வருடத்தில் அவருக்கு வந்த முதல் அழைப்பு அது. என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, "ஒரு கம்பெனிதாங்க்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"ஏட்டி, கார்டைப் பாத்தியா?" என்றாள் அம்மா.

பார்த்தது மட்டுமா என்று முழுக்கதையையும் சொன்னேன். பாராட்டு கிடைக்கும் என்றே நினைத்தேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மாமா என்னைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாந்தாங்க்கா சொன்னேன்" என்றார். எதைச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று அம்மாவுக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. புரிந்தபிறகு என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை அப்பா, மாமா, நான் மூவரும் பெரிய டீச்சர் அறையில் நின்றோம். மாமா முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார்.

"பிள்ள தெரியாமச் செஞ்சுட்டா டீச்சர்" என்றார் அப்பா.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றேன் நான். அப்பா என் தோளை அழுத்தினார்.

பெரிய டீச்சர் வருத்தப்பட்டார், ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. "முதலாளி அவிய கையால மூடுனது. மூணு நாள்கூட ஆகல. ஒடைச்சிட்டோம்னு அவிய காதுக்குப் போனா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். வேறு கார்டுக்கு எழுதிப்போடச் சொன்னார். எழுதிப்போட்டால் மாதக்கணக்காகும் என்று அப்பா சொன்னார். நானும் என் பங்குக்கு, இரண்டாயிரத்துக்கு முன்னால் திறப்பது முறையல்ல என்று டீச்சர் பக்கம் பேசினேன்.

"என்ன இன்டர்வியூ தம்பி, லெட்டரக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

மாமா சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். பிறகு இருந்த மடிப்பிலேயே எட்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கொத்தனார் வெளியதான் நிக்காரு, வரச்சொல்லுங்க" என்றார். அவ்வளவு நேரம் முடியாது என்றவர் ஏன் இப்படி ஒரே தாளில் மனம் மாறினார், அதைச் சத்தமாகப் படித்திருந்தால்தான் என்ன என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தத் தாளில் இருந்ததை நான் தெரிந்துகொண்டபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் சொன்னாள். அது ரேஷன் கடை விற்பனையாளர் வேலைக்கான அழைப்பு. பத்து நாளாக அதை யாரிடமும் சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். போவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. எங்கள் பள்ளியில் பேசினாரே, அன்றைக்கும் அது அவர் பையில்தான் இருந்திருக்கிறது. ரேஷன் கடையே இருக்காது என்று அவர் சொன்னது எங்களுக்கு ஜோசியம், அவருக்கு வேண்டுதல். அப்பாவின் முன்னால் அதைப் படிக்காமல் விட்டதற்காகப் பெரிய டீச்சரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கொத்தனார் பலகையைச் சுற்றி மண்ணால் பாத்தி கட்டி, சிமெண்ட் இறுகுவதற்காகக் காலையும் மாலையும் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தார். பாத்தியை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, உளியை விட்டுச் சுற்றிலும் தட்டினார். எழுத்தில் ஒரு கீறல் விழாமல் பலகை கழன்று வந்தது. இரண்டாயிரம் வரைக்கும் தாங்கும் என்று முதலாளி மைக்கில் சொன்ன வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பெட்டிக்குள் மெழுகுச் சூடு பட்டு மை ஊறி, பொட்டலங்களின் மேல் பாதிப் பெயர்கள் அழிந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. முதல் பொட்டலத்தில் ஒரு ரேஷன் கார்டு இருந்தது. அப்பா ஆசையாக வாங்கிப் பார்த்தார். எங்களுடையது இல்லை. அடுத்ததில் பாக்குவெட்டி. அதற்கடுத்ததில் இன்னொரு ரேஷன் கார்டு, அதுவும் எங்களுடையது இல்லை. கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அரிக்கேன் திரி, ஓட்டைக் காலணா, ஒரு பல்செட், நடுநடுவே கார்டு, மறுபடியும் கார்டு. எங்களுடையது ஏழாவதாக வந்தது. பெட்டி காலியானபோது மேஜைமேல் மொத்தம் பதினோரு கார்டுகள் இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்ற இன்னும் ஒரு வாரம் இருந்ததால் மற்ற வீடுகளில் யாரும் தேடியிருக்கவில்லை.

பெரிய டீச்சர் முகம் வெளிறிவிட்டது. அடுத்த வாரம் பத்து வீட்டுக்காரர்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பதை நினைத்திருப்பார். கார்டுகளைத் தனியே எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டுப் பழையபடி மூடச் சொல்லிவிட்டு, கொத்தனாரைப் பார்த்து, "முதலாளிட்ட மூச்சு விடப்படாது" என்றார்.

மாமா இரண்டாவது கார்டு வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாவதுக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் முற்றத்தில் கிடந்த மணல் குவியலில் இன்டர்வியூவுக்கென்று வைத்திருந்த பேண்ட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், பதினோரு பிள்ளைக நம்பியிருக்கு" என்றார்.

அவர் பேச்சுக்கு மூன்று வருடமாகச் செருப்பால் மட்டுமே பதில் சொல்லிவந்த அப்பா, எங்கள் கார்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "பேச்சு அம்புட்டு நல்லா இருந்திருக்கும் மாப்ள. எந்திரிங்க" என்றார். அப்பாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஒரு வரிதான்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது. கான்சாபுரம் பக்கம் ஒரு கடையில் சேர்ந்தார். எடை குறைகிறது என்று யாரிடமும் ஒரு சொல் கேட்டதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டும் நாள் தவறாமல் வந்தது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்தினார்கள். எங்கள் தெருவில் கம்ப்யூட்டரே இல்லாததால் நிற்பதற்கு ஒன்றுமில்லை. சலூன் 2000 தன் பெயரைத் தானே எட்டிப் பிடித்துவிட்டு அடுத்து என்ன வைப்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தது. பள்ளியில் பெட்டி இருந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வந்திருந்தது. தோண்ட வேண்டும் என்று யாருக்கும் நினைவில்லை. மாத்திரை விஷயத்தில் மாமா பாதி ஜெயித்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போடுகிறார், சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும். பள்ளிக்குப் போகும் வழியில் மாமாவோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். சனிக்கிழமையிலிருந்து அவர் இரண்டாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கார்டுக்காக இவ்வளவு பெரிய வருடத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டதே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. கார்டு இருந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எப்படியாவது அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது.

"கவலப்படாதீங்க மாமா, நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டாயிரத்துல ரேஷன் கடையே இருக்காது" என்றேன்.

மாமா ஜன்னல் வழியாகக் குனிந்து என்னைப் பார்த்தார்.

"இருக்கணும்ட்டி" என்றார். "அதுக்குப் பொறவும் இருக்கணும்."

பஸ் போய்விட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதினோரு பேரை நம்ப வைத்துவிட்டு இப்படி இரண்டே நாளில் கட்சி மாறுகிறவரை என்ன செய்வது. பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக, என் மாமா இனிமேல் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.